தக்கையை வெட்டிய சிவப்புப் பேனா

சிவப்புப் பேனா கையிலிருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எதையாவது வெட்டியாக வேண்டும். கலியாண அழைப்பிதழைக்கூட விட்டதில்லை. (என் கலியாண அழைப்பிதழையும்தான். மாமனார் இன்னும் மறக்கவில்லை.)

அப்போது புத்தளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில், பொறியியல் மாணவர்களுக்கு வாசிப்பும் எழுத்தும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. பணிப்பாளர் ஒரு பாடத்தைப் பார்த்துச் சரியென்றால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சும்மா ஒரு பாடம் நடத்தியிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகுமா? "ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று எழுதுங்கள். தாளில் உள்ளதை மட்டும் வைத்து நான் செய்து காட்டுகிறேன்" என்று சவால் விட்டேன். கண்டக்குழி ரிஸானா, அவள் வாப்பாவின் மீன்பிடிப் படகைக் கடலில் இறக்கி இன்ஜினை இயக்கும் முறையை மூன்று பக்கத்தில் எழுதினாள். வெட்டி வெட்டி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

அந்த நாளும் வந்தது. கண்டக்குழிக் கரையில் வகுப்பே நின்றது. பணிப்பாளர் சப்பாத்துக் காலோடு படகில் ஏறி உட்கார்ந்தார். நான் கனமூலைக்காரன், வயல் தெரியும், கடல் தெரியாது. "யாரும் வாய் திறக்கக் கூடாது. தாள் மட்டும்தான் பேசும்!" என்றேன். ரிஸானா கையை உயர்த்தினாள். முறைத்தேன். இறக்கிவிட்டாள்.

வெட்டியது போக மிச்சத்தை உரக்க வாசித்து, ஒவ்வொன்றாகச் செய்தேன். மாணவர்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். இன்ஜின் ஒரே இழுவையில் கத்தியது. கைதட்டல்! நிரந்தரம் கைக்கு வந்தே விட்டது.

"தம்பி, சப்பாத்து நனையுதே" என்றார் பணிப்பாளர்.

"அலை சேர், அலை."

"அலை மேலாலதானே வரும்? இது கீழாலல்லவா வருது!"

யா அல்லாஹ்! இடுப்பளவு தண்ணீரில் படகு குந்திவிட்டது. பணிப்பாளரும் நானும் கூடவே குந்தினோம்.

"சேர், தக்கை! பின்பக்க ஓட்டைக்குத் தக்கை அடைக்கல்ல!" என்று கரையிலிருந்து ரிஸானா கத்தினாள்.

"ஏன் மகள், அத எழுதல்ல?" என்றார் பணிப்பாளர்.

"எழுதினன் சேர்! கரையேத்தினா தண்ணி வடியிறதுக்குத் தக்கையக் கழட்டுவம், இறக்க முந்தி அடைக்கோணும். மொத வரியே அதுதான். சேர்தான் வெட்டின!"

அவர் என் கையிலிருந்த தாளைப் பறித்துப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து: 'தேவையற்ற விவரம்.' கடலே என்னை மூடிவிடாதா என்றிருந்தது. அதற்கு அங்கே ஆழம் போதவில்லை.

அவருடைய அறிக்கை மூன்றே வரி. (என்னைவிடச் சுருக்கமாக எழுதுகிற மனிதர்.) "மாணவர்களுக்கு எழுத வருகிறது. ஆசிரியருக்கு வாசிக்க வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்."

ஆறு மாதம் கழித்து நிரந்தரமும் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் மனைவி கடைக்கு எழுதித் தரும் துண்டில் பாணுக்கும் பருப்புக்கும் மேலே, முதல் வரியாக 'தக்கை' என்றிருக்கும். அதை மட்டும் நான் ஒருநாளும் வெட்டியதில்லை.