ஆண்கடல் பெண்கடலில் விழுந்த ஒரு மார்க்

பாம்பன்,
ஆனி 5, 1955

முதுகுளத்தூர் மிளகாய் மண்டி மச்சான் ராக்கப்பன் அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் இருளாண்டி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கச்சி ராமலெட்சுமி, மகள் உலகம்மாள், இரண்டு பக்கத்துக் கடல் யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும் மிளகாய் விலையின் சுகமும் அறிய ஆவல்.

"பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. தேறினா டீச்சர் டிரெயினிங்ல நானே சேத்துவிடுறேன், தேறலைன்னா ஆவணியில என் மகன் மருதுபாண்டிக்குக் கட்டி வச்சிருவோம்" என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கும். மச்சான், பிள்ளை தேறவில்லை. பூகோளத்தில் முப்பத்துநான்கு. முப்பத்தைந்து வேண்டுமாம். அந்த ஒரு மார்க் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், கேளுங்கள். இராமேசுவரம் தீவைச் சூழ்ந்த கடல்கள் எவை என்று கேள்வி. நம் பிள்ளை, 'வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். கச்சான் காற்றில் ஆண்கடல் குதிக்கும். வாடைக்காற்று வந்தால் அது அடங்கிவிடும், பெண்கடலுக்குக் கோபம் வரும்' என்று எழுதியிருக்கிறாள். இதுல என்ன தப்பு? பாக் நீரிணை, மன்னார் வளைகுடான்னு எழுதணுமாம். முப்பது வருசமா இங்கன கெடக்கேன், அந்தப் பேரச் சொல்லி ஒருத்தன் வலை வீசி நான் பாத்ததில்ல.

மார்க் தெரிந்த அன்று, லைன் ஓரத்தில் கொடியும் கையுமாக நின்று இரண்டு கடலையும் மாறி மாறிப் பார்த்தேன். வடக்கே தண்ணி அசையாம நீலமா கெடக்கு, ஒரு சத்தமில்ல. தெற்கே நுரை நுரையா வந்து மோதுது. பேப்பர் திருத்துன மனுசன் இதக் கண்டிருப்பானா, தெப்பக்குளத்தயாச்சும் கண்டிருப்பானான்னு நினைக்க நினைக்க மனசு எங்கேயோ மிதந்து போயிருச்சு. மெயில் வந்து நின்று கூவுது, நான் சிவப்புக் கொடியை விரிச்சபடி நிக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து, "ஏலே இருளாண்டி, கடலுக்குத் தாலாட்டா பாடுற?" என்று கத்தினார். "அய்யா, இதுல எது ஆண்கடல்?" என்று கேட்டேன். "எல்லாம் உப்புத்தண்ணிதான், கொடியக் காட்டு!" என்றார். அவர் பி.ஏ., மச்சான்!

தங்கள் மண்டித் தராசு மிளகாயின் எடையைச் சொல்லும்; காரத்தைச் சொல்லுமா? பரீட்சையும் அப்படித்தான். பிள்ளை செப்டம்பரில் மறுபடி எழுதட்டும், அதுவரை கல்யாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள். சாப்பிடாமக் கெடக்கா, எனக்கு மனசு தாங்கல.

அக்காவுக்கு வணக்கம். மருமகன் மருதுபாண்டிக்கு ஆயுசும் அடக்கமும் பெருக ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இருளாண்டி

பின்குறிப்பு: ஒட்டுவதற்குமுன் உலகம்மாள் இதை வாங்கிப் படித்து, பதினோரு எழுத்துப்பிழை திருத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யா, மருதுபாண்டி அத்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிட்டாரா?" என்று கேட்டாள். மூன்று தடவை எழுதி மூன்றிலும் போனது தங்களுக்குத் தெரியாததா! ஆகையால் மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். அறிவை அளக்கப் பரீட்சையைப் போல் வேறொன்று கிடையாது. தேறாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதற்கில்லை. செப்டம்பரில் மருமகனும் எழுதட்டும். அவர் படிக்க உதவியாக, கடல்களின் பேரைப் பிள்ளை தன் கையாலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள்: வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.