அறுவடை விடுமுறையை ஒழிக்கப் பார்த்தது நான்தான்

செயின்ட் ஓடில், மெய்ன்
வெள்ளிக்கிழமை, பள்ளி நூலகத்தின் கடைசி மேசையிலிருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. ஹாஸ்கல் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு மாணவி ஜோசி மிஷோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும், போன வாரம் செத்துப் பிழைத்த எங்கள் வீட்டுக் கொதிகலனும் நலம். அங்கே தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலம் என்று நம்புகிறேன். அச்சு இயந்திரம் ரொம்பவே நலம் என்பது இந்த வாரத் தலைப்பின் எழுத்து அளவிலேயே தெரிந்தது. நிற்க. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும் படிக்கலாம், கடிதம் கொஞ்சம் நீளம்.

"அறுவடை விடுமுறைக்கு வேட்டு: பள்ளிக் கண்காணிப்பாளர் முயற்சி முறியடிப்பு" என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். உருளைக்கிழங்கு எடுக்கப் பள்ளியை மூடுகிற விடுமுறையில் கை வைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? அன்றிலிருந்து எங்கள் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் லொரெய்ன் சீர் மேடத்துக்குச் சாப்பிட நேரமில்லை, திட்டு வாங்கத்தான் நேரம். பெயரில் சீர் இருக்கிறது, சிறப்பைத்தான் ஊர் கொடுக்க மறுக்கிறது. மாவட்டத்தின் மற்ற மூன்று ஊர்களிலிருந்தும் போன் வருகிறது. யாரோ அவர் வீட்டு வாசலில் அழுகின உருளைக்கிழங்கை ஒரு சாக்கு கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை பள்ளி வாரியக் கூட்டத்தில் அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி வேன் பிடித்து வருகிறார்களாம். மேடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மனிதரின் மானம் போய்விடும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஐயா, அந்தத் தீர்மானம் என் தலையில் உதித்தது. அதற்கு வந்த திட்டெல்லாம் நியாயமாக எனக்குச் சேர வேண்டியது. நான் சம்பாதித்த திட்டை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நடந்தது இதுதான்.

போன சனிக்கிழமை உறைமழை பெய்து, மின்கம்பிகள் எல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி, ஒவ்வொன்றாக அறுந்து விழுந்ததே, அன்று காலையிலேயே மேடம் பள்ளியைத் திறந்துவிட்டார். ஜெனரேட்டர் இருக்கிற ஒரே கட்டடம் அதுதான் என்பது தங்களுக்கும் தெரியும், தாங்களும் மூன்றாம் வகுப்பறையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு மதியமே கிளம்பினீர்கள். அங்கேதான் தப்பு நடந்தது. இன்னும் நாலைந்து மணி நேரம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. சமையல்காரம்மாக்கள் கோழிக் குழம்பு வைத்து, பக்வீட் என்கிற எங்கள் பக்கத்துத் தானிய மாவில் அடை சுட்டு அடுக்கினார்கள். நர்ஸம்மா ஊரில் உள்ள இன்சுலின் எல்லாவற்றையும் பால் பாக்கெட் ஃபிரிட்ஜில் பெயர் எழுதி வைத்தார். பஸ் ஓட்டுகிற கிளாடெட் அக்கா சக்கரத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற அதே வரிசையில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். யாராவது தாமதித்தால் அதே அதட்டல்தான்: "வாசல்ல வந்து நிக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" எழுபது வயதுக்காரர்கள் எல்லாம் "சாரி கிளாடெட்" என்று தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்களாம்.

என்னை மேடம் அலுவலக அறையில் போன் எடுக்க உட்கார வைத்திருந்தார். நம்பிக்கையினால் அல்ல. போன மாதம் பள்ளி வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டது நான்தான் என்பதால் என்னைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டுமாம். அந்தப் பலகையைப் பார்த்து மூன்று பேர் விலை கேட்டார்கள். அதில் ஒருவர் ஆர்மண்ட் டுபே. அவரைத்தான் சொல்ல வருகிறேன்.

டுபே ஐயாவைத் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாதாமாதம் வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைப் பள்ளிச் சமையலறையிலிருந்து கொண்டுவந்த கோழி வடிவ டைமரில்தான் முறுக்கி வைப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு கூட்டம் விடாமல் வந்து, புதிய கூரையா, எதிர்ப்பு, புதிய புத்தகமா, எதிர்ப்பு, பழைய புத்தகத்தையே வைத்துக்கொள்ளலாமா, அதற்கும் எதிர்ப்பு என்று கோழி கத்துகிற வரை பேசிவிட்டு உட்காருவார். அவருக்கு ஒரு பூனை இருக்கிறது, பெயர் வீட்டோ, அதாவது எதையும் 'செல்லாது' என்று தடுக்கிற அதிகாரம். அவர் எங்கே போனாலும் வீட்டோ மட்டும் வீட்டோடுதான்.

கிளாடெட் அக்கா அவர் வீட்டுக்குப் போனபோது மரக்கிளை விழுந்து புகைபோக்கி இரண்டாக உடைந்து கிடந்தது. புகை வரவில்லை, அதாவது விறகடுப்பு எரியவில்லை. கதவைத் தட்டினால் தபால் போடுகிற துவாரம் வழியாக ஒரு குரல் மட்டும் வந்ததாம்: "எனக்கு இந்த ஸ்கூல்ல படிக்கிற பிள்ளை யாரும் இல்ல. போ." மேடம் உடனே போன் போட்டார். பழைய கம்பித் தொலைபேசி, அதனால் வேலை செய்தது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ஆர்மண்ட், நான் லொரெய்ன். பஸ்ஸைத் திரும்ப அனுப்பறேன். ஏறி வந்துடுங்க."

"சனிக்கிழமை பஸ் எதுக்கு ஓடுது? டீசல் யாரு வீட்டுது?"

"உங்க வீட்டு அடுப்பு எரியலையாமே."

"அது எனக்கும் என் அடுப்புக்கும் உள்ள தகராறு. ஸ்கூல் நடுவுல வர வேண்டாம்."

"இருட்டினா வீட்டுக்குள்ளயே விறைச்சுப் போயிடுவீங்க."

"ரெண்டு கோட்டு போட்டிருக்கேன். அதுக்கு மேல பூனை போட்டிருக்கேன்."

வைத்துவிட்டார். மேடம் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே சன்னலைப் பார்த்தார். மூன்று மணி, ஜனவரி மாதம், வெளிச்சம் அப்போதே வடிய ஆரம்பித்திருந்தது. அவர் சின்ன வயதில் டுபே ஐயாவின் வயலில் கிழங்கு பொறுக்கியவராம். அதை அப்போதுதான் சொன்னார், என்னிடம் கூட இல்லை, சன்னலிடம். எனக்கு என்னவோ போல இருந்தது. எனக்கு என்னவோ போல இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"மேடம், அவரைக் கூப்பிட்டா வர மாட்டாரு. எதிர்க்கச் சொன்னா ஓடி வருவாரு."

"என்னது?"

"கூட்டம் போடுங்க. வாரிய உறுப்பினர் மூணு பேரு ஜிம்லதான் குழம்பு சாப்பிட்டுட்டு இருக்காங்க. அறுவடை விடுமுறையை எடுத்துடப் போறோம்னு ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. அவரு இந்த ஸ்கூல்ல எதிர்க்காத விஷயம் அது ஒண்ணுதான்."

"ஜோசி, உனக்கு ரொம்பக் குளிர் விட்டுப் போச்சு."

"இல்ல மேடம். இன்னைக்கு ஊர்ல யாருக்குமே விடல."

அவர் என்னை முறைத்தார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். ஐயா, என் வாழ்க்கையில் ஒரு குறும்புக்கு நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது அதுவே முதல் முறை. குரலைக் கனமாக்கிக்கொண்டு, "திரு. டுபே அவர்களுக்கு அறிவிப்பு. இன்று நான்கு மணிக்குப் பள்ளி வாரியத்தின் அவசரக் கூட்டம். பொருள், உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறையை நீக்குதல்" என்றேன். மறுமுனையில் பூனைதான் முதலில் பேசியது. அப்புறம் அவர்: "பஸ் எப்ப வரும்?"

இதில் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஜிம்மில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கிழங்கு விவசாயிகள். செப்டம்பர் கடைசியில் பள்ளியை மூடிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பாவிட்டால் உறைபனி முந்திக்கொள்ளும் என்று பயந்தே பிழைப்பவர்கள். அவர்கள் காதில் இது சும்மா விழுந்திருந்தால் மேடத்தைக் குழம்புப் பானையிலேயே போட்டிருப்பார்கள். அதனால் மேடம் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார். "எல்லாரும் கேளுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் ஒரு அநியாயமான தீர்மானம் கொண்டு வரப்போறேன். ஆர்மண்டை வீட்டை விட்டுக் கிளப்ப வேற வழி இல்ல. நீங்க எல்லாரும் கோபப்படணும், ஆனா நிஜமா கோபப்படக் கூடாது."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "எவ்வளவு கோபம் வேணும், லொரெய்ன்?"

"குழந்தைங்க தூக்கம் கலையாத அளவுக்கு."

நாலு மணிக்கு டுபே ஐயா வந்தார். இரண்டு கோட்டுக்கும் மேலே டை கட்டியிருந்தார். கோட்டுக்குள்ளிருந்து வீட்டோவின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பல வருடங்களில் அது வீட்டை விட்டு வந்த முதல் நாள். மேடம் தீர்மானத்தைப் படித்தார். ஊரே நாடகக் கோபத்தில் முணுமுணுத்தது, சிலர் அதிகமாகவே நடித்தார்கள். கிளாடெட் அக்கா கோழியை முறுக்கினார். டுபே ஐயா எழுந்தார்.

வழக்கமாகக் கத்துவார். அன்று கத்தவில்லை. "இந்த ஸ்கூல் செய்யற எதுவும் எனக்குப் பிடிக்காது, அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். "ஆனா நாட்டுல எத்தனையோ ஸ்கூல் இருக்கு. காலண்டரைப் பாக்காம வயலைப் பாத்துக் கதவைச் சாத்துற ஸ்கூல் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். என் பொண்டாட்டி செத்துப்போன வருஷம் நான் கிழங்கைத் தொடவே இல்ல. மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும்னு படுத்துட்டேன். காலையில எழுந்து பாத்தா மஞ்ச பஸ் ஒண்ணு வயலோரமா நிக்குது. பிள்ளைங்க குனிஞ்சு பொறுக்கிட்டு இருக்காங்க. லொரெய்ன், அதுல நீயும் இருந்தே, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு. அந்த பஸ்ஸை யாரு அனுப்பினாங்கன்னு நான் இன்னி வரைக்கும் கேக்கல. கேட்டா நன்றி சொல்ல வேண்டியிருக்கும்." அப்போது கோழி கத்தியது. கிளாடெட் அக்கா சத்தமில்லாமல் இன்னொரு முறை முறுக்கி வைத்தார். டுபே ஐயா பார்த்துவிட்டார். "விதின்னா விதி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நாடகக் கோபத்தோடு இருந்தவர்கள் பாதிப் பேர் இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது, மேடமே தன் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார். பிறகு டுபே ஐயா இரண்டு தட்டு குழம்பு சாப்பிட்டார், காபி தண்ணீராக இருக்கிறது என்று புகார் சொன்னார், மல்யுத்தப் பாய் மேல் படுத்துக்கொண்டார், மின்சாரம் வருகிற வரை இருந்தார். திங்கட்கிழமை விவசாய வகுப்புப் பிள்ளைகள் போய் அவர் புகைபோக்கியைச் சரிசெய்தார்கள், அவர் கீழே நின்று ஒவ்வொரு செங்கல்லையும் எதிர்த்தார். அன்று மத்தியானமே தங்களுக்குப் போன் போட்டு, விடுமுறையைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். தாங்களும் போட்டுவிட்டீர்கள்.

ஆகவே ஆசிரியர் ஐயா, புதன்கிழமை இதழில் இந்தக் கடிதத்தை அதே எழுத்து அளவில் அதே பக்கத்தில் வெளியிட்டு, வியாழக்கிழமைக்குள் சீர் மேடத்தின் பெயரைச் சீர்செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் துணைவியாருக்கும், அச்சுக்கூடத்தில் உள்ளவர்களுக்கும், எழுத்துப்பிழை திருத்துபவர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கும் என் அன்பு. தங்கள் இல்லத்தில் விளக்கு அணையாமல், குழாய் உறையாமல், காபி தண்ணீராகாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
திட்டுக்கு முழு உரிமையுள்ள
ஜோசி மிஷோ

பின்குறிப்பு: தயவுசெய்து இதை வெளியிட வேண்டாம். உறையை ஒட்டுமுன் ஒரு மனிதரின் மானம் என்று உறுத்தியதால், நேராக டுபே ஐயா வீட்டுக்கே எடுத்துப் போனேன். "மூணு நிமிஷம் தர்றேன், படி" என்றார். நான் படித்து முடிக்கிற வரைக்கும் வீட்டோவைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வாரியத்தோட கூட்டம்னா ஒரு நாள் முன்னாடியே ஸ்கூல் கதவுல நோட்டீஸ் ஒட்டணும். ஒட்டலைன்னா அது கூட்டமே இல்ல. இதை அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்குத் தெரியாதா, பொண்ணே?" என்றார். "தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றேன். "கால் விரல் மரத்துப் போச்சு. பாவம் பாத்து அனுப்பின பஸ்ல ஏற எனக்கு வராது. சண்டை போடன்னா ஏறுவேன். உங்க மேடத்துக்கு அது புரிஞ்சுது, நல்ல பொண்ணு." அப்படியானால் பத்திரிகைக்கு ஏன் போன் போட்டீர்கள் என்றேன். "குளிருக்கு ஒதுங்கினேன்னா சொல்லச் சொல்றே? அவ தலையில விடியும்னு நினைக்கல. வியாழக்கிழமை நானே பேசிக்கறேன்" என்றார். மேலே நான் எழுதியதில் அவரை நாங்கள் ஏமாற்றிய பகுதியை எல்லாம், எங்களை அவர் ஏமாற்றியதாகத் திருத்திப் படித்துக்கொள்ளவும். செல்லாத கூட்டத்தில் பேசிய மூன்று நிமிடம் கணக்கில் வராது, அதனால் வியாழக்கிழமை தனக்கு ஆறு நிமிடம் என்கிறார். முதல் மூன்றில் மேடத்துக்கு நன்றி சொல்வாராம். மீதி மூன்று, அந்தக் காபியை எதிர்த்து.