பன்னிரண்டு சதவீத மனிதர்

வட்டி என்றதும் காது விடைத்துக்கொள்ளும் ஒரு வகை மனிதர் உண்டு. திருவனந்தபுரம் கோட்டைக்குள் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். உமக்குத் தெரியாதவரா? சர்க்கார் பத்திரம் மூன்றரை சதவீதம் தருகிறது என்று சொல்லிப் பாரும், கொட்டாவி விடுவார். பன்னிரண்டு என்று சொல்லும். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உம் பக்கத்தில் வந்து உட்காருவார்.

ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீஸில் முப்பது வருஷம் பிறர் கணக்கில் பிழை கண்டுபிடித்துப் பென்ஷன் வாங்கிய பிச்சுமணி ஐயரையே எடுத்துக்கொள்வோம். பொன்முடிப் பக்கம் புதிதாகக் கிளம்பிய ஒரு தேயிலைக் கம்பெனி பன்னிரண்டு சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் விற்றது. பத்திரத்தில் தங்க எழுத்து, சிவப்பு முத்திரை, கொழுந்து கிள்ளும் பெண்ணின் படம் எல்லாம் இருந்தன. தோட்டம் ஏற்கெனவே ஒரு பாங்குக்கு அடமானம் என்பதும் இருந்தது, பின்பக்கத்தில், பொடி எழுத்தில். பின்பக்கம் பார்க்கிற வழக்கம் ஐயருக்கில்லை. அதற்காக விசாரிக்காமல் பணம் போடுகிறவரா அவர்? பஸ் பிடித்து மலையேறினார், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார், தூரத்தில் நின்று பார்த்தார், எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது, திருப்தியோடு இறங்கிவிட்டார். அந்தப் பச்சையில் தேயிலை எது, காடு எது? அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் மனைவி அனந்தலக்ஷ்மி கச்சேரி வாசலைக்கூட மிதித்ததில்லை. அவள் கேட்டாள்: "ஊரெல்லாம் நாலு வட்டிக்குப் பணம் கிடைக்கறச்சே, அவா எதுக்காக்கும் நமக்குப் பன்னெண்டு தரா? வேற யாரும் அவாளுக்குக் கொடுக்கலையோ?"

பெண்டுகளுக்கு இதெல்லாம் புரியாது என்று ஐயர் விளக்கினார். மகள் விஜயலக்ஷ்மியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மூவாயிரம் ரூபாயும் பத்திரமாயிற்று.

இரண்டு தவணை வட்டி வந்தது. அந்த ஒரு வருஷம் ஐயருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் தவணைக்குப் பதில் கடிதம் வந்தது: தேயிலை விலை இறங்கிவிட்டது, பழைய பத்திரத்தைக் கொடுத்தால் பதினாலு சதவீதத்தில் புதிய பத்திரம் தரப்படும். பன்னிரண்டே தர முடியாதவன் பதினாலு எப்படித் தருவான்? ஐயர் முதல் ஆளாகப் போய் மாற்றிக்கொண்டார்.

விஜயலக்ஷ்மிக்கு வரன் அமைந்து, தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று. மார்கழியில் கம்பெனி மூழ்கியது. தோட்டத்தை பாங்கு எடுத்துக்கொண்டது. பத்திரக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி; இலை இருந்தது, பரிமாற ஒன்றுமில்லை. பிள்ளை வீட்டார் நாகரிகமாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விஜயலக்ஷ்மி கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்ததை நினைத்தால் எனக்கு ஐயர்மேல் கோபந்தான் வருகிறது. ஐயரோ போன வாரம் தம்பானூரில் என்னைப் பிடித்து நிறுத்தி, ஏதோ ரப்பர் கம்பெனி பதினைந்து தருகிறதாமே என்று விசாரித்தார்.

நீர் அப்படிப்பட்டவரல்ல. அந்தப் பெண்ணுக்காக உச்சுக்கொட்டினீர், சந்தோஷம். ஆனால் பதினைந்து என்று படித்தவுடன், அந்த ரப்பர் கம்பெனிக்கு என்ன பெயர் என்று ஒரு கணம் யோசித்தீரே, அதை நான் கவனிக்காமலில்லை.