அசையாத மான்குட்டி

ஒரு காட்டில் அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் புலியும் உண்டு, மானும் உண்டு. தாய்மைக்குப் பேதமில்லை என்பது அட்மினின் கொள்கை. அட்மின் ஒரு மந்தி. தன் பிள்ளை பிறந்த வாரமே கிளையைப் பிடித்துத் தொங்கிவிட்டதால், குழந்தை வளர்ப்பில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

வடிவு என்ற புள்ளிமானுக்கு அப்போதுதான் தலைச்சன் பிள்ளை பிறந்திருந்தது. மான்களின் வழக்கப்படி குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்து, "அம்மா வர்ற வரைக்கும் அசையாதே" என்று சொல்லிவிட்டு மேயப் போவாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. காதைக்கூட ஆட்டாது.

மந்தி மரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி வடிவு, இது இன்னும் படுத்தேதான் கிடக்கா? சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்குதா?"

"இல்லக்கா. ஆனா நல்லா பால் குடிக்கிறான்."

"பால் குடிக்கிறதெல்லாம் ஒரு மைல்ஸ்டோனாடி? நான் பயமுறுத்தலை. ஆனா எனக்கே பயமா இருக்கு."

அன்று வடிவு மேயப் போகவில்லை. தூரத்தில் ஒளிந்து நின்று பிள்ளையைக் கவனித்தாள். அப்போது குழுவில் இருக்கும் அதே புலி, தன் குட்டிக்கு வேட்டை பழக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். இருவரும் புதரை உரசிக்கொண்டு நடந்தார்கள். மான்குட்டி மூச்சுக்கூட விடவில்லை. புலிகள் ஒன்றும் தெரியாமல் போய்விட்டன.

வடிவு அழுதாள். சந்தோஷத்தில் என்று நினைக்காதீர்கள். "புலியே உரசிட்டுப் போகுது, என் பிள்ளை தலையைக்கூடத் தூக்கலையே!" என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். கதை சொல்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.

நரி நடத்தும் வளர்ச்சிப் பயிற்சி நிலையத்தில் பிள்ளையைச் சேர்த்தாள். "கவலைய விடுங்கம்மா, சரி பண்ணிடலாம்" என்றது நரி. சருகு சலசலத்தால் தலையைத் தூக்கவும், எழுந்து நிற்கவும், வந்தவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாயிற்றே, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. வடிவு பெருமையோடு குழுவில் வீடியோ போட்டாள். மந்தி இதயம் போட்டாள்.

மறுநாள் வடிவு மேயப் போயிருந்தபோது புதரருகே சருகு சலசலத்தது. மான்குட்டி தலையைத் தூக்கியது. எழுந்து நின்றது. வந்தவர்களைப் பார்த்து அழகாகச் சிரித்தது.

மாலையில் குழுவில் புலி எழுதினாள்: "என் பையன் இன்னைக்குத்தான் முதல் வேட்டை பிடிச்சான். ரொம்ப லேட்டாகுதேன்னு தூக்கமே இல்லாம இருந்தேன்."

"ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் இருக்குடி! வாழ்த்துகள்!" என்றாள் மந்தி.

வடிவு குழுவிலிருந்து வெளியேறினாள்.

"மத்தவங்க பிள்ளை முன்னேறினா சிலருக்குப் பொறுக்காது" என்று மந்தி எழுதினாள். அதற்கும் நிறைய இதயங்கள் விழுந்தன.

நீதி: உயிரோடு இருப்பது மைல்ஸ்டோன் பட்டியலில் கிடையாது, ஆகவே அந்த ஒன்றில் உங்கள் குழந்தை பின்தங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.