அப்பா ரிட்டயரான அன்றைக்கு இரண்டு கேமரா

ஓட்டலில் மெனு கார்டை நீட்டினால் எனக்கு வியர்க்கும். மசால் தோசையா, ஊத்தப்பமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துவிடுவார். இரண்டு பொருள் இருக்கும் இடத்துக்கு என்னைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள். (அதனால் நடந்ததில் பாதிப் பழி அவர்களுடையது என்பது இன்றுவரை என் கட்சி. ஓட்டுதான் விழவில்லை.)

அப்பா சிகந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பேச்சு மட்டும் இன்னும் வேலூர்ப் பக்கத்துத் தமிழ். அதில் உருதும் தெலுங்கும் இஷ்டப்படி வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்கச்சி வித்யாவிடம் தமிழில் ஒன்று கேட்டால் பதில் எந்த மொழியில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர்மெண்ட் என்றால் கிட்டத்தட்டக் கல்யாணம். அந்த மாதம் வயது முடிந்தவர்கள் எல்லோரும் மாதக் கடைசி நாளில் ஒன்றாக வெளியே வருவார்கள். தலையில் ரோஸ் கலர் பாகை கட்டி, சால்வை போர்த்தி, மாலைமேல் மாலை போட்டு, முகமெல்லாம் குலால் பொடி பூசி, ஆளுக்கொரு திறந்த ஜீப்பில் ஏற்றி, தீன்மார் மேளத்தோடு அவரவர் வீடுவரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். வாசலில் மனைவி ஆரத்தி எடுத்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும்.

அப்பா வாய் திறந்து எதையும் ஆசைப்பட்டுக் கேட்டவரில்லை. அந்த ஒரு தடவைதான் கேட்டார்.

"சேகரு, எங்க கல்யாணத்துல போட்டோ எடுத்தவன் கேமராவுல ரோலே போடலடா. ஊரெல்லாம் சிரிச்சி நின்னோம், ஒண்ணுகூட வரல. இதுலயாவது ரெண்டு போட்டோ வேணும். கேட்டத் தாண்டி வர்றப்ப ஒண்ணு, அம்மா ஆரத்தி எடுக்கறப்ப ஒண்ணு. ஹால்ல மாட்டணும்."

"ஆள் வெச்சிடலாம்பா."

"வெளி ஆளு கைக்கு? அன்னிக்கு வந்தவனும் வெளி ஆளுதான். நீயே எடு."

அப்போது போனிலும் கேமரா உண்டு. ஆனால் அதில் எடுத்த முகமெல்லாம் கஞ்சியில் விழுந்து எழுந்தது போலத்தான் இருக்கும். புதுக் கேமரா வாங்க என் பேகம்பேட் ஆபீஸ் சம்பளம் இடம் தராது. ஆக, பழைய கேமரா. சிகந்தராபாத்தில் ஒரு சந்துக்குள் பாஷா பாய் என்பவர் கடை வைத்திருந்தார். அவர் என் முன்னால் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்த அந்த மாலையில்தான் எனக்குச் சனி பிடித்தது.

ஒன்று குண்டு. ரொம்பப் பழைய மாடல். மூக்கு நீளும், தூரத்தில் இருப்பது கிட்டே வரும். பென்சில் செல் போட வேண்டும். இன்னொன்று சப்பை. கொஞ்சம் பிந்தைய மாடல். மெகாபிக்சல் இரண்டு மடங்கு. மூக்கு அவ்வளவு நீளாது, சொந்த பேட்டரி உண்டு, முதுகில் ஒரு கீறல்.

"பாய், எது நல்லது?"

"தோனோ அச்சா."

"ரெண்டும் நல்லதுதான். ரெண்டுல எது நல்லது?"

"வோ பீ அச்சா, யே பீ அச்சா" என்றார், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டி.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். மெகாபிக்சல் எல்லாம் ஏமாற்று வேலை, அதைப் பார்க்கவே கூடாது என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று அவனுக்குக் கீழேயே இன்னொருவன். பழைய மாடலில் சென்சார் வேறு ஜாதி, அந்தக் கலர் இனி வராது என்றார் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர். சென்சார் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் விளக்கினார். விளக்குவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் புரிந்திருந்தது.

வீட்டில் கருத்துக் கேட்டேன். "எது கனமா கீது?" என்றார் அப்பா. அவர் கணக்கில் கனமான யந்திரம்தான் யந்திரம். "ஏதோ ஒகட்டி கொனேய் அண்ணா!" என்று வித்யா தெலுங்கில் கத்தினாள். ஏதோ ஒன்றை வாங்கித் தொலை என்பது அதன் சாரம். அம்மா மட்டும், "உன்ன ஸ்கூல்ல சேக்கறப்பவே எந்த பெஞ்சில உக்கார்றதுன்னு அழுதவன்தானே நீ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தினமும் ஆபீஸ் முடிந்து பாஷா பாய் கடைக்குப் போவேன். கடைக்கு எதிரே ஒரு மின்கம்பம். அதைக் குண்டில் ஒரு படம், சப்பையில் ஒரு படம். குண்டில் கம்பம் அழகாக இருந்தது. சப்பையில் கம்பம் தெளிவாக இருந்தது. அழகா, தெளிவா? மறுநாள் பார்த்தால் குண்டில் தெளிவாகவும் சப்பையில் அழகாகவும் தெரிந்தது. அந்த மின்கம்பத்தை அதை நட்டவர்கள்கூட அத்தனை ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாதக் கடைசி நாளும் வந்துவிட்டது. காலையில் கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் பாஷா பாய் இரண்டையும் தூக்கி என் கையில் வைத்தார். "சோச்னா நக்கோ பாய், சோச்னா நக்கோ! தோனோ லே ஜாவ். ஷாம்கூ ஏக் வாபஸ்." யோசிக்காதே, இரண்டையும் கொண்டுபோ, சாயங்காலம் ஒன்றைத் திருப்பிக் கொடு. அடமானமாக என் ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். முடிவெடுக்கத் தெரியாதவனுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா? ஒவ்வொரு காட்சியையும் இரண்டிலும் எடுப்பது, பிறகு நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பது என்று திட்டம் போட்டேன். அப்பாவின் ரிட்டயர்மெண்ட்டை என் கேமராப் பரீட்சைக்கு ஹாலாக ஆக்குகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் கேட்டில் நின்றேன். கழுத்தில் இரண்டு கேமரா, பை நிறையப் பென்சில் செல். அன்று ரிட்டயரானவர்கள் நான்கு பேர். மேளம் கிளம்பியது, நான்கு ரோஸ் பாகைகளும் ஒன்றாக வெளியே வந்தன. அப்பா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். குண்டின் மூக்கை நீட்டி ஒரு படம், சப்பையில் ஒரு படம் எடுத்தேன். அந்த இரண்டாவது படத்துக்குள் குண்டு செத்துவிட்டது. (செல் தின்பதில் அது ராட்சசன். பாஷா பாய் இதைச் சொல்லவில்லை.) குனிந்து செல் மாற்றி, மூடியை மாட்டி நிமிர்ந்தால் எங்கும் ரோஸ் பொடி. நான்கு ஜீப்புகளிலும் நான்கு ரோஸ் மனிதர்கள். பாகை புருவம்வரை, மாலை மூக்குவரை. நடுவில் இரண்டு கண்ணும் கொஞ்சம் மீசையும்.

குண்டின் மூக்கை நீட்டித் தேடினேன். இதோ அப்பா! அந்த ஜீப்புக்கு முன்னால் போன மேளக்காரர்களின் வண்டியில் பாய்ந்து ஏறி, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். குண்டில் ஒன்று, சப்பையில் ஒன்று.

அப்பா பிரமாதமாக ஒத்துழைத்தார். கும்பிட்டார். கையை ஆட்டினார். ஒரு கட்டத்தில் ஜீப்பிலேயே ஆட ஆரம்பித்தார். ரேடியோவில் பாட்டு வந்தால் தலையைக்கூட அசைக்காத மனிதர், இடுப்பை ஒடித்து ஆடுகிறார்! இத்தனை வருஷமாக எங்களுக்காக எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தாரே என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மேலும் எடுத்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் கிட்டத்தில்தான். ஆனால் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஊர்வலம் என்றால் சுற்றித்தான் போகும், சாமியே சுற்றித்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உச்சியில் தர்கா இருக்கும் மௌலா அலி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அப்பாவுக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று அதையும் அடக்கினேன்.

ஜீப் ஒரு வீட்டு முன்னால் நின்றது. நான் ஜென்மத்தில் பார்த்திராத ஓர் அம்மாள் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். பின்னால் பிள்ளைகள், மருமகள்கள். அப்பா அவர்களைப் பார்த்து உரிமையோடு சிரித்தார்.

அந்த ஒரு நொடி என் மனதில் ஓடியதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்கு மௌலா அலியில் இன்னொரு குடும்பமா? அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அதைவிடக் கேவலம், அந்த நிலைமையிலும் என் கை தானாகக் குண்டில் ஒன்று, சப்பையில் ஒன்று எடுத்தது.

அப்பா மாலைகளைக் கழற்றி, துண்டால் முகத்தைத் துடைத்தார். வேறு ஆள்.

"மஞ்சிகா தீசாவா பாபு? யூனியன் பம்பிந்தா?" என்றார். நன்றாக எடுத்தாயா, யூனியனிலிருந்து அனுப்பினார்களா என்று விசாரிக்கிறார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் மறந்துபோனது. கோவிந்தராஜின் மகன் என்று எப்படியோ சொன்னேன். அவர் முகம் மாறியது. "மரி மீ நாயன ஏடி?" என்றார். சரி, உங்கள் அப்பா எங்கே?

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்துப் பார்த்தால் அம்மா ஓயாமல் கூப்பிட்டிருக்கிறாள். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. திரும்பக் கூப்பிட்டேன்.

"டேய், எங்கடா தொலைஞ்ச? உங்கப்பா வாசல்லயே நிக்கறாரு. நீ வந்தாதான் ஆரத்தியாம். மேளக்காரங்ககூட போயிட்டாங்க!"

அந்த மனிதர், அவர் பெயர் யாதகிரி, அப்பா ஷாப்பிலேயே டர்னர், கழற்றிய மாலையை மறுபடி மாட்டிக்கொண்டு என்னையும் ஏற்றி ஜீப்பைத் திருப்பச் சொன்னார். தன் வீட்டு விருந்தை விட்டுவிட்டு வந்தார்.

அப்பா வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மாலைகள் கருகியிருந்தன. குலால் வியர்வையில் கரைந்து சட்டையெல்லாம் வழிந்திருந்தது. அவ்வளவு நேரம் அந்த வெயிலில் உட்காரக்கூட இல்லையாம், மாலை கசங்கிவிடுமாம்.

"வந்துட்டியா? ஹவ், சரி, இப்ப எடு" என்று நிமிர்ந்து நின்றார்.

குண்டைத் தூக்கினேன். செத்திருந்தது. பையில் ஒரு செல்கூட மிச்சமில்லை. சப்பையைத் தூக்கினேன். கார்டு நிறைந்துவிட்டது என்றது. அவசர அவசரமாக அதில் இருந்ததை அழிக்கப் போனேன்.

"இன்னாடா அழிக்கற?"

"யாதகிரி சார் போட்டோ. எடம் இல்லப்பா."

"அதத் தொடாத" என்றார் அப்பா. "அவனும் ஒரே தடவதான் ரிட்டயர் ஆவான்."

மின்கம்பங்களைத் தேடிப் பிடித்து அழிப்பதற்குள் சப்பையும் கண்ணை மூடியது. போன் வரும் வழியிலேயே செத்திருந்தது. அம்மா கற்பூரத்தை ஏற்றினாள். நான் கழுத்தில் இரண்டு கேமராவோடு நின்று, வெறுங்கண்ணால் அந்த ஆரத்தியைப் பார்த்தேன். யாதகிரி சார்தான் கை தட்டினார்.

சாயங்காலம் இரண்டையும் பாஷா பாயிடமே கொடுத்துவிட்டேன். படங்களை மட்டும் பிரிண்ட் போட்டு யாதகிரி சார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் ஒன்றைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் கேட்டில் எடுத்த முதல் இரண்டில் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரிதான். என் குறி தப்பி நடுவில் யாதகிரி சார், பார்வை மேளக்காரர்கள் பக்கம். இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட இன்னொரு ரோஸ் பாகை. அந்த நாலு பேரில் கேமராவை நேராகப் பார்த்துக் கையைத் தூக்கி, வாய் நிறையச் சிரிப்பவர் ஓரத்தில் நிற்கும் அப்பா ஒருவர்தான். மகன் தன்னைத்தான் எடுக்கிறான் என்று நம்பிச் சிரித்த சிரிப்பு. (அது குண்டு எடுத்ததா, சப்பை எடுத்ததா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்.)

எனக்குப் பெண் கொடுத்தவர்கள் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது, "சம்பந்தி ரிட்டயர்மெண்ட் போட்டோ ஏதும் இல்லையா?" என்று கேட்டார்கள். "கீதே! மௌலா அலி பஸ் புடிக்கணும்" என்றாள் அம்மா. அப்பா உண்மையிலேயே அவர்களை அழைத்துக்கொண்டு போனார். அங்கே யாதகிரி சாரின் பேத்தி படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, இந்தப் பாதி ஆள் யார் என்று கேட்டிருக்கிறாள்.

"போட்டோகிராபரோட அப்பா" என்றாராம் அப்பா.