வம்சத்திலேயே சுகர் கிடையாது

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய் சொல்லாத மாப்பிள்ளை வீட்டாரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாங்கள் சொன்ன பொய், "எங்க வம்சத்திலேயே சுகர் கிடையாது" என்பது. சொன்னது அம்மா. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது நான். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்த அப்பா, இரண்டாவது தட்டு கேசரியையும் காலி செய்து அதை நிரூபித்தார். (அந்த நிரூபணத்தில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.)

மாமனாருக்குச் சர்க்கரையால் ஒரு கால்விரல் போயிருந்தது. போகிற வீட்டிலும் மகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாமென்று, சுகர் இருந்த நான்கு வரன்களைத் தள்ளிவிட்டு என்னைப் பிடித்தார். அதனால் பத்து வருடமாக, அடையாறிலிருந்து அவர் வரும்போதெல்லாம் அப்பாவின் மாத்திரைகள் அரிசி டின்னுக்குள் போய்விடும். என் மனைவிக்கு உண்மை ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. தன் அப்பா மனசு கஷ்டப்படுமே என்று அவளும் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் சர்க்கரை நோய் முகாம் நடந்தது. சங்கச் செயலாளர் நான்தான். "தொப்பை இருக்கறவங்க, உட்கார்ந்தே வேலை பாக்கறவங்க, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கறவங்க உஷாரா இருக்கணும்!" என்று மைக்கில் முழங்கினேன். மூன்றும் நானே என்பது எனக்கு உறைக்கவில்லை.

முன்வரிசையிலிருந்த மாமனார், "எங்க மாப்ளைக்கே மொதல்ல பாருங்க" என்றார் பெருமையாக.

நர்ஸ் என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டார். மூச்சை உள்ளே இழுத்தேன்.

"மூச்சை விடுங்க சார், எக்ஸ்ரே எடுக்கல."

விட்டேன்.

"நூத்தி நாலு!" செண்டிமீட்டர்தான். ஆனால் மைக்கை நான் அணைக்கவில்லை.

"வாக்கிங் போவீங்களா?"

"தினமும் பார்க்குக்குப் போறேன்."

"போவார். வாசல்ல இருக்கற வடைக் கடை வரைக்கும்" என்றாள் மனைவி.

"அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

மாமனாரைப் பார்த்தேன். வாய் தானாகவே, "எங்க வம்சத்திலேயே..." என்று ஆரம்பித்தது. அதற்குள் வரிசையை முந்திக்கொண்டு அப்பா வந்து நின்றார்.

"ஏம்மா, எனக்கு இருபது வருஷமா சுகரு. சம்பந்தி வர்றார்னு இவங்க மாத்திரையை எங்கயோ ஒளிச்சு வச்சுட்டாங்க. இங்க ரெண்டு கெடைக்குமா?"

மைக் அதையும் தெளிவாகச் சொன்னது.

மாமனார் மெல்ல எழுந்து வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"பொய் சொன்னது போகட்டும் மாப்ளே. அப்பாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சும் இந்த வயித்தை வளர்த்தீங்களே, என் பொண்ணை நெனச்சீங்களா?"

வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக வந்தது. இப்போது நிஜமாகவே நடக்கிறேன். வடைக் கடைக்காரர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மாமனாருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. சொந்தத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும், சட்டைப் பையில் இஞ்ச் டேப்போடு போய்விடுகிறார். "ஜாதகம் அப்புறம் பாக்கலாம், தம்பி கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்று பையனின் வயிற்றை அளக்கிறார். கோட்டு சூட்டுக்கு அளவெடுக்கிறார் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போகிறார்கள்.