இருபது எண்ணும்வரை

"ஏங்க, இன்னைக்கும் டீ கசந்துச்சா?"

"ஈரச் சாக்கைப் பிழிஞ்சு குடிச்ச மாதிரி இருக்கு," என்றார் பார்சல் கிடங்கு மேஸ்திரி, பிளாஸ்க்கைக் கழுவ நீட்டியபடி.

"என் காபியும் அப்படித்தாங்க இருக்கு. கவலையில நமக்கு நாக்கே செத்துப்போச்சு," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கவலைக்கு என்ன குறைச்சல்? ஆறு வயது மகளுக்கு நாலு மாதமாக நூறு கிராம்கூட எடை ஏறவில்லை. கல்லீரல் வேறு வீங்கியிருந்தது. அடுத்த பரிசோதனையிலும் ஏறாவிட்டால் மூக்கில் குழாய் போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நோய் என்னவென்று மேஸ்திரிக்கு நன்றாகவே புரிந்திருந்தது. "உடம்புல புரதம் கட்ட அமினோ அமிலம் வேணும். அதைத் தூக்கி ஆர்.என்.ஏ.ங்கிற வண்டியில ஏத்துறது ஒரு நொதி. உங்க பொண்ணுக்கு அது மந்தம்," என்று டாக்டர் தொடங்கியதுமே, "லோடு ஏத்துற ஆள் சோப்ளாங்கியா சார்?" என்று கேட்டவர் அவர்.

"அதேதான். சரக்கைக் கைக்குப் பக்கத்துலயே குவிச்சு வெச்சா, தட்டுத்தடுமாறியாவது ஏத்திடும்."

சரக்கு என்பது ஒரு வெள்ளைப் பொடி. அளந்து வந்த மருந்து. சிட்டிகைகூட வீணாகக் கூடாதென்று பெற்றவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்ததுகூட இல்லை.

மகள் முதல் நாளே வாயை இறுக மூடிக்கொண்டாள். பாலில் கலந்தார்கள், துப்பினாள். சர்க்கரை போட்டார்கள், வாந்தி எடுத்தாள். கெஞ்சி, மிரட்டி, இருவரும் அழுது ஓய்ந்தபோது அவளே ஒரு வழி சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் பாக்கலைன்னா குடிப்பேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கூத்துதான். ஐம்பது ஆட்களை விரட்டி வேலை வாங்கும் மனுஷன், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல் சுவரைப் பார்த்து நின்று இருபது எண்ணுவார். பக்கத்தில் மனைவி. மேஜைமேல் பிளாஸ்க்கும் காபியும் ஆவி பறக்கக் காத்திருக்கும். திரும்பினால் மருந்து டம்ளர் காலி!

"என் தங்கமே!" என்று மகளைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கிடங்குக்கு ஓடுவார்.

எடை மட்டும் ஏறவில்லை. டாக்டர் பொடியின் அளவைக் கூட்டினார். அப்போதும் ஏறவில்லை. மறுபடி கூட்டினார்.

டீ தொல்லை வேறு. தூளை மாற்றினார்கள், பால்காரரை மாற்றினார்கள், புது பிளாஸ்க் வாங்கினார்கள். ஊஹூம். மேஸ்திரி டீ நீட்டினால் கிடங்கு ஆட்கள், "வயித்துவலிண்ணே!" என்று நழுவினார்கள். அவர் மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார். சாயங்காலம் வாசலிலேயே மகள் கேட்பாளே, "டீ பூராவும் குடிச்சீங்களாப்பா?" என்று.

பரிசோதனை நாளும் வந்தது. இருநூறு கிராம் குறைந்திருந்தது.

மேஸ்திரி அங்கேயே நாற்காலியில் சரிந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதார். மனசு கேட்காத நர்ஸ், தொண்டையையாவது நனைக்கட்டும் என்று அவருடைய பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள். வாடை முகத்தில் அடித்தது. வருஷக்கணக்கில் இந்தப் பொடிகளைக் கலக்கிக் கொடுத்தவள் அவள்.

"சார், இது உங்க பொண்ணோட மருந்து!"

மேஸ்திரிக்குச் சுர்ரென்று ஏறியது. "குட்டி! அப்பாவையே ஏமாத்திட்டியா? கசக்குதுன்னா எங்ககிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த மகள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"கசப்புக்காக இல்லப்பா... உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்துதான் இந்த நோவு எனக்கு வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அதான் உங்க டீயில பாதி, அம்மா காபியில பாதி ஊத்தினேன். முதல்ல உங்களுக்குச் சரியாகட்டும், அப்புறம் நான் குடிச்சுக்கறேன்."